நட்சத்திரச் சின்னமும் ரூபாய்க்கு மூணு படி அரிசியும்

அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் வந்துவிட்டால் போதும், டீக்கடை பெஞ்சிலிருந்து காலேஜ் கேண்டீன் வரைக்கும் ஆளுக்கொரு கட்சி. 2024 நவம்பர் 5 தேர்தலிலும் இதே கூத்துதான். டிரம்ப் ஜெயித்தால் டாலர் எங்கே போகும், கமலா ஹாரிஸ் ஜெயித்தால் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் எத்தனை சரம் வெடிப்பார்கள் என்று ராத்திரி முழுக்கப் பேச்சு. இதில் கொஞ்சம் விவரமான பையன்கள் (குறிப்பாக காமர்ஸ், எகனாமிக்ஸ் படிக்கிறவர்கள்) அந்த ஊர்ப் பழைமைவாதிகள் எழுதுவதைத் தேடிப் படிக்கிறார்கள். அரசாங்கம் சின்னதாக இருக்கணும், வரி குறையணும், கம்பெனிகள் மேல் கட்டுப்பாடு கூடாது, டெக்னாலஜியை அதன் போக்கில் விடணும். நாலு கட்டுரை படித்தால் இந்த நாலு வரியும் மனப்பாடம் ஆகிவிடும்.

அதைக் கேட்கும் எதிர்க்கோஷ்டிக்கும் ரெடியாக ஒரு பதில் இருக்கிறது. "இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு. இலவச அரிசிக்கு ஓட்டுப் போடும் தமிழ்நாட்டில் விலை போகாது."

இரண்டு கோஷ்டியும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டுத்தான் சண்டை போடுகிறது. இந்தச் சரக்கு தமிழ்நாட்டிலேயே விளைந்தது. விலையும் போனது. போன இடங்களில் ஒன்று திருச்செந்தூர்.

திருச்செந்தூர் என்றால் முருகன், கந்த சஷ்டி, நாழிக்கிணறு, கருப்பட்டி. அதைத் தாண்டி யோசிக்கிறவர்கள் குறைவு. ஆனால் 2008 தொகுதி மறுசீரமைப்பில் காணாமல் போகும் வரைக்கும் அந்தப் பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது (2009 தேர்தலிலிருந்து அது தூத்துக்குடி தொகுதி). அந்தத் தொகுதியின் பழைய ரிசல்ட்டைப் புரட்டினால் அடுத்தடுத்த இரண்டு தேர்தல்கள் கண்ணை நிறுத்தும்.

1962-ல் திருச்செந்தூரில் ஓட்டுப்பதிவே நடக்கவில்லை. காங்கிரஸ் வேட்பாளர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி போட்டியின்றித் தேர்வானார். டி.டி.கே. லேசுப்பட்ட ஆளில்லை. சொந்த வியாபாரத்தில் ஜெயித்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். வர்த்தக, தொழில் மந்திரியாகவும் பிறகு நிதி மந்திரியாகவும் நேருவின் திட்டமிட்ட பொருளாதாரத்துக்குத் தூணாக நின்றவர். சொத்து வரியும் செலவு வரியும் 1957-ல் அவர் கொண்டுவந்தவைதான். ஒருவன் சம்பாதிப்பதற்கு ஒரு வரி, சேர்த்து வைப்பதற்கு ஒரு வரி, செலவழித்தால் அதற்கும் ஒரு வரி! முந்த்ரா விவகாரத்தில் 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். அரசுடைமையாகி இரண்டு வருஷம்கூட ஆகாத எல்.ஐ.சி.யின் பணம், முந்த்ரா என்ற ஒரு தனி வியாபாரியின் தள்ளாடும் கம்பெனிகளில் எப்படிப் போடப்பட்டது என்பதுதான் அந்த விவகாரம். நாலு வருஷம் கழித்து அவரைத் திரும்ப டில்லிக்கு அனுப்பிய தொகுதி திருச்செந்தூர்.

அடுத்த தேர்தல் 1967. அதே திருச்செந்தூரில் ஜெயித்தவர் எம். சந்தோஷம். கட்சி, சுதந்திராக் கட்சி. சின்னம், நட்சத்திரம். டி.டி.கே. எதற்கெல்லாம் தூணாக நின்றாரோ அதையெல்லாம் இடிக்கணும் என்றே ஆரம்பிக்கப்பட்ட கட்சி அது.

அந்தக் கட்சியை ஆரம்பித்தவர் ராஜாஜி. ஆரம்பித்தபோது அவருக்கு வயது 80. அந்த வயதில் ஈஸிசேரில் சாய்ந்து மகாபாரதம் சொல்லிக்கொண்டிருந்தாலே ஊர் கும்பிட்டிருக்கும். கவர்னர் ஜெனரல் பதவி வரைக்கும் பார்த்துவிட்டவர். ஆனால் 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டதும் மனுஷர் எழுந்துவிட்டார். 1959 ஜூனில் சென்னையில் கட்சி அறிவிப்பு. என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச் செயலாளர். இங்கே தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்கப் பழைமைவாதிகள் இன்றைக்கும் தங்கள் ஆரம்பப் புள்ளியாகச் சொல்லும் பாரி கோல்ட்வாட்டரின் புத்தகம் வந்தது 1960-ல். அவர் ஜனாதிபதி தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தது 1964-ல். ரீகன் வந்தது 1980-ல். இந்த வரிசையில் சென்னைதான் முந்தி. யார் யாரைக் காப்பியடித்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை.

ராஜாஜி எதை எதிர்த்தார் என்பதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். பெர்மிட். லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்யம் என்று அவர் வைத்த பெயர்தான் இன்றைக்கு லைசென்ஸ் ராஜ் என்று பாடப்புத்தகத்தில் ஐந்து மார்க் கேள்வியாக இருக்கிறது. 1951-ல் வந்த தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டப்படி, அட்டவணையில் உள்ள தொழில் எதையாவது ஓரளவுக்குப் பெரிதாகத் தொடங்க லைசென்ஸ் வேண்டும். விரிவாக்க லைசென்ஸ் வேண்டும். புதுப்பொருள் செய்ய லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டு மெஷின் வாங்க இறக்குமதி லைசென்ஸ் தனி. பங்கு வெளியிட டில்லியில் அனுமதி தனி. லைசென்சில் எழுதிய அளவுக்கு மேலே நன்றாக உற்பத்தி செய்துவிட்டால் அதற்கும் விளக்கம் சொல்லணும்.

இதனால் யாருக்கு லாபம்? ஏழைக்கு என்றுதான் சட்டம் நினைத்தது. நடந்தது வேறு. பேராசிரியர் ஆர்.கே. ஹசாரி 1967-ல் கொடுத்த அறிக்கை, பிர்லா குழுமம் போன்ற பெரிய வீடுகள் ஏகப்பட்ட லைசென்ஸ்களுக்கு முந்திக்கொண்டு மனுப் போட்டு, வாங்கி, அடுத்தவன் அந்தத் தொழிலுக்குள் நுழைய முடியாமல் வழியை அடைத்து வைத்ததை எடுத்துக் காட்டியது. டில்லியில் ஆபீஸ் போட்டு ஆள் வைத்துக் காத்திருக்க முடிந்தவனுக்கு லைசென்ஸ். கோவில்பட்டியிலிருந்து ரயிலேறிப் போகிறவனுக்கு "அப்புறம் வாங்க". பெர்மிட் முறையில் பெரிய முதலாளிக்குப் பாதுகாப்பு கிடைத்தது, சின்ன முதலாளிக்கு அலைச்சல் கிடைத்தது. சோஷலிசம் என்று போர்டு மாட்டிய கடையில் இதுதான் விற்பனையானது.

ராஜாஜி இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவரும் இல்லை. 1952-ல் சென்னை மாகாண முதலமைச்சராக வந்தபோது உலக யுத்த காலத்து ரேஷனும் தானியக் கட்டுப்பாடும் அப்படியே இருந்தன. ஒரு ஊர் நெல்லை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகவே அனுமதி வேண்டும். ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். விலை எகிறும், ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள் என்று அதிகாரிகளே பயந்தார்கள். பதுக்கிய நெல் வெளியே வந்தது. பஞ்சம் வரவில்லை. கட்டுப்பாட்டை எடுத்தால் உலகம் இடிந்து விழாது என்பதை நிர்வாகத்தில் இருந்தே பார்த்தவர், ஏழு வருஷம் கழித்து அதையே கட்சியாக்கினார்.

சரி, இனிதான் சிக்கலே.

1967-ல் திருச்செந்தூர் ஜனங்கள் பெர்மிட் ராஜ்யத்தை ஒழிக்கத்தான் நட்சத்திரத்தில் முத்திரை குத்தினார்களா? அப்படிச் சொன்னால் அது பொய். அந்தத் தேர்தலில் சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு கூட்டணி. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. அரிசித் தட்டுப்பாடு வேறு. மேடைக்கு மேடை முழங்கிய வாக்குறுதி என்ன? ரூபாய்க்கு மூணு படி அரிசி! அந்த அலையில்தான் சென்னை மாநிலத்தில் சுதந்திராக் கட்சிக்கு 6 எம்.பி.யும் 20 எம்.எல்.ஏ.வும் கிடைத்தார்கள். நாடு முழுக்க 44 இடம் பிடித்து மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாகவும் அது உட்கார்ந்தது. அரசாங்கம் விலையில் கை வைக்கக் கூடாது என்ற கட்சி, அரசாங்கம் அரிசி விலையைப் பாதிக்கும் கீழே இறக்கும் என்ற வாக்குறுதியின் தோளில் ஏறி ஜெயித்தது. விதியின் விளையாட்டு என்பது இதுதான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தி.மு.க. தனிப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தது. மூணு படி முடியவில்லை, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். கூட்டணி சீக்கிரமே கசந்தது. 1971-ல் ராஜாஜியும் அவருடைய பழைய எதிரி காமராஜரும் ஒன்றாக நின்றும் ஜெயிக்க முடியவில்லை. சுதந்திராக் கட்சி நாடு முழுக்க 8 இடத்துக்குச் சுருங்கியது. 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். 1974-ல் கட்சியும் வேறொன்றில் கரைந்தது. 1991 ஜூலை 24-ல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் இனித் தேவையில்லை என்று அறிவித்தது யார் தெரியுமா? ராஜாஜி எதிர்த்த அதே காங்கிரஸ்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தியா, சுதந்திரப் பொருளாதாரம் தனியாக நின்று ஓட்டு வாங்கவே முடியாது" என்று எதிர்க்கோஷ்டி சிரிக்கலாம். அதற்கு முன்னால் திருச்செந்தூர் கடற்கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவது நல்லது. ஏனென்றால் ராஜாஜி சொன்னதில் ஒரு முக்கியமான வித்தியாசம் அந்தக் கடற்கரையில்தான் நன்றாகத் தெரிகிறது. விதி வேறு, பெர்மிட் வேறு. இரண்டையும் அரசாங்கம்தான் போடுகிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

பழைய உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். இந்தக் கடலுக்கு இரண்டு பெரிய சொத்து, முத்தும் சங்கும். இரண்டுமே அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றுதான் காலங்காலமாக ஏற்பாடு. ஆனால் இரண்டையும் நடத்திய விதம் வேறு. முத்துக்குளிப்பு ஒவ்வொரு வருஷமும் நடக்காது. முதலில் பார்களைச் சோதனை போடுவார்கள். சிப்பி முற்றியிருந்தால்தான் சலாபம். அள்ளி வந்த சிப்பியில் மூழ்கியவர்களுக்கு ஒரு பங்கு, அரசுக்கு ஒரு பங்கு. அரசின் பங்கைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாகக் கரையில் வைத்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிற அதிகாரிக்கும் தெரியாது. காசு உள்ளவன் கேட்கலாம். கடைசிச் சலாபம் நடந்தது 1961-ல்.

சங்கு விஷயம் அப்படி இல்லை. மூழ்கி எடுத்த சங்கை அரசாங்கத்திடமேதான் கொடுக்க வேண்டியிருந்தது, அதுவும் அரசாங்கம் சொன்ன விலைக்கு. வாங்குவதற்கு வேறு ஆள் இருக்கவில்லை. எகனாமிக்ஸ் வகுப்பில் ஏகபோகத்தை நடத்தும்போது விற்பவன் ஒருவனாக இருந்தால் வாங்குகிறவனுக்குக் கஷ்டம் என்று சொல்லித் தருகிறார்கள். வாங்குகிறவன் ஒருவனாக இருந்தால் என்ன ஆகும் என்று சங்குகுளிக்கிறவர்களைக் கேட்டால் போதும், பாடம் முடிந்தது. ஒரே கடல், ஒரே அரசாங்கம். ஒன்றில் எல்லோருக்கும் தெரிந்த காலமும் பகிரங்க ஏலமும். இன்னொன்றில் ஒரே கவுண்ட்டர்.

இன்றைக்குள்ள உதாரணம் மீன்பிடிப்பு. திருச்செந்தூரைச் சுற்றி அமலிநகர், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு எல்லாம் நாட்டுப்படகு ஊர்கள். 1950, 60-களில் மீன்வளத் துறையே கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகுகளைக் கடலில் இறக்கியது. அன்றைய கணக்குக்கு அது பெரிய டெக்னாலஜிப் புரட்சி. இழுவைமடி தரையோடு வாரிக்கொண்டு வந்ததில் குஞ்சு குளுவான் எதுவும் தப்பவில்லை. கரைக்குப் பக்கத்தில் விரித்திருந்த நாட்டுப்படகுக்காரன் வலையும் சேர்ந்து கிழிந்தது. கடலில் அடிதடி, கரையில் மறியல். கடைசியில் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு அதற்கு அப்பால். காலை 5 மணிக்கு மேல் கிளம்பி ராத்திரி 9 மணிக்குள் திரும்பணும். 2001 முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-லிருந்து 45 நாள் தடைக்காலம், 2017 முதல் அது ஜூன் 14 வரை 61 நாள்.

இதுவும் டெக்னாலஜிக்குக் கட்டுப்பாடுதானே? அமெரிக்கக் கட்டுரைகளை மனப்பாடம் செய்த பையன் இங்கே கொஞ்சம் முழிப்பான். பழைமைவாதி இதை எதிர்க்கணுமா, ஆதரிக்கணுமா?

ஆதரிக்கணும். காரணம் சுலபம். மூன்று மைல் என்றால் எல்லா விசைப்படகுக்கும் மூன்று மைல். தடைக்காலத்தில் எந்த ஓனரும் போய் "எனக்கு மட்டும் ஒரு வாரம் விட்டுக்கொடுங்க சார்" என்று விண்ணப்பம் போட முடியாது. முன்கூட்டியே தெரியும், எல்லோருக்கும் ஒன்று, யார் தயவும் வேண்டாம். நடைமுறையில் ஓட்டை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. கடலில் கல் நட்டு எல்லை போடவா முடியும்? மூன்று மைலுக்குள் விசைப்படகு வருகிறது என்ற புகார் தீர்ந்தபாடில்லை. ஆனால் அந்தப் புகாரில் நாட்டுப்படகுக்காரன் கேட்பது விதியை எடுக்கச் சொல்லி இல்லை, விதியை விதியாக நடத்தச் சொல்லி.

எல்லா விதியும் நல்ல விதி என்றும் இதற்கு அர்த்தமில்லை. 2001-ல் கடல் அட்டை இனங்கள் அத்தனையையும் புலி, யானையோடு சேர்த்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்டார்கள். மன்னார் வளைகுடாவில் அதை எடுத்துப் பிழைத்தவர்களுக்கு ஒரே நாளில் தொழில் போனது. எதிரே இலங்கையில் அதே பிராணியை லைசென்சோடு பிடிக்கலாம், விற்கலாம். அப்புறம் என்ன நடக்கும்? கடத்தல்தான். தூத்துக்குடி, ராமநாதபுரம் பேப்பரில் கடல் அட்டை பிடிபட்ட செய்தி வந்துகொண்டே இருப்பது இதனால்தான். எல்லோருக்கும் ஒன்றுபோல் இருந்தால் மட்டும் போதாது, அந்த இடத்து ஆளைக் கேட்டுப் போடுவதாகவும் இருக்கணும் என்பதற்கு இது சாட்சி.

இதே தூத்துக்குடிதான் இன்னொரு கேள்வியையும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டது. அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டால் மட்டும் சந்தை நியாயமாக நடந்துவிடுமா?

வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தது 1906 அக்டோபரில். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தூத்துக்குடி-கொழும்பு வழியில் அதுவரை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வைத்ததுதான் சட்டம். போட்டி வந்ததும் அந்தக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. இன்னும் குறைத்தது. கடைசியில் காசே வேண்டாம், வந்து ஏறிக்கொள், போகும்போது ஒரு குடையும் வாங்கிக்கொள் என்று கூப்பிட்டது. இந்தக் குடைக் கதை இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதோடு நிற்காமல் வெள்ளைக்கார அதிகாரிகளும் அந்தக் கம்பெனி பக்கமே நின்றார்கள். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். 1911-க்குள் சுதேசிக் கம்பெனி கலைந்தது. அதற்கப்புறமும் பயணிகளுக்குக் குடை கொடுத்துக்கொண்டிருந்தார்களா என்ன?

கூகுள், பேஸ்புக் மாதிரிக் கம்பெனிகளைப் பற்றிய இன்றைய சண்டை முழுக்க இந்தக் குடையைச் சுற்றித்தான். "எல்லாம் இலவசமாகத்தானே தருகிறான், அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று அமெரிக்கப் பழைமைவாதிகள் ரொம்ப நாள் கேட்டார்கள். பிறகு அவர்களே மாறினார்கள். தேடல் சந்தையில் கூகுள் மேல் 2020 அக்டோபரில் வழக்குப் போட்டது டிரம்பின் முதல் ஆட்சி. பைடன் ஆட்சி அதைத் தொடர்ந்து நடத்தியது. 2024 ஆகஸ்டில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்று தீர்ப்பு வந்தது. வழக்குக்கு ஆதாரமான ஷெர்மன் சட்டம் 1890-ல் ஒரு குடியரசுக் கட்சி செனட்டர் பெயரில் வந்ததுதான். இந்தியாவிலும் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குடை கொடுத்துப் போட்டியாளனை மூழ்கடிக்காதே என்பது விதி. யார் செய்தாலும் தப்பு. இதில் பழைமைவாதி வெட்கப்பட ஒன்றுமில்லை.

டெக்னாலஜியில் பெர்மிட் முறை எப்படி இருக்கும் என்று பார்க்கணுமா? அதற்கும் உள்ளூர் உதாரணம் உண்டு. 2008 ஜனவரியில் 2ஜி அலைக்கற்றையை ஏலம் விடாமல் முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுத்தார்கள். கடைசித் தேதியையும் நடுவில் முன்னாடி இழுத்தார்கள். 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸ்களை ரத்து செய்தது. கிரிமினல் வழக்கில் 2017 டிசம்பரில் எல்லோரும் விடுதலை ஆனார்கள், அது தனி. லைசென்ஸ் கொடுத்த முறை தப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது சொன்னதுதான். கண்ணுக்குத் தெரியாத அலைக்கற்றைக்கு 2008-ல் தோன்றாத யோசனை, சிப்பிக்குள் தெரியாத முத்துக்கு இந்தக் கடற்கரையில் எத்தனையோ தலைமுறையாக இருந்தது. ஏலம்!

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இப்போது அமெரிக்காவுக்குப் போகலாம். 2024 தேர்தலை முடிவு செய்ததில் விலைவாசிக்குப் பெரிய பங்கு. 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதம். நாற்பது வருஷத்தில் காணாத அளவு. ஆளுங்கட்சி மேல் ஜனங்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பழைமைவாதிகளின் ஓட்டோடு வந்த ஆட்சி 2025-ல் என்ன செய்தது? இறக்குமதி வரியை நாட்டுக்கு நாடு வேறு வேறாக ஏற்றியது. ஏப்ரலில் ஸ்மார்ட்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் விலக்கு கொடுத்தது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீதம் என்றது. செல்போனுக்கு விலக்கு, இறாலுக்கு விலக்கு இல்லை. தூத்துக்குடியில் இறாலைப் பதப்படுத்தி அமெரிக்காவுக்கு அனுப்புகிறவருக்கு, வாஷிங்டனில் போய் நிற்க ஆள் கிடையாது. ஆப்பிள் போன்ற கம்பெனிக்கு உண்டு. ஹசாரி அறிக்கையில் வருகிற அதே கதை, ஊர் மட்டும் வேறு.

டிக்டாக் இன்னொரு உதாரணம். 2024 ஏப்ரலில் இரண்டு கட்சியும் சேர்ந்து சட்டம் போட்டன. சீனக் கம்பெனி அதை விற்கணும், இல்லையென்றால் 2025 ஜனவரி 19 முதல் தடை. சட்டம் நல்லதா கெட்டதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு ஜனாதிபதி அந்தக் கெடுவை 2025-ல் பல முறை தள்ளிப்போட்டார். காங்கிரஸ் எழுதியது விதி. அதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒரு மனிதர் கையெழுத்துக்காக ஒரு கம்பெனி காத்திருக்கும்படி செய்தது பெர்மிட். தங்களுக்குப் பிடித்த ஆள் பெர்மிட் கொடுக்கிறார் என்பதற்காகப் பேசாமல் இருந்த பழைமைவாதிகள், பிடிக்காத ஆள் நாளை அதே நாற்காலியில் உட்காரும்போது என்ன சொல்வார்கள்?

ராஜாஜியும் இந்தப் பரீட்சையில் முழு மார்க் வாங்கவில்லை. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். போன கள்ளு வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி போட்டார். இந்தியாவில் இந்த மாதிரி வரிக்கு அதுதான் தொடக்கம். (காமர்ஸ் மாணவர்களின் சாபத்தில் ஒரு பங்கு அவருக்கும் சேரணும்.) 1953-ல் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் வீட்டுத் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் போட்டார். அப்பன் தொழிலை மகன் செய்யணும் என்பதற்கு அரசாங்கமே வழி காட்டுவதா என்று ஊர் கொதித்தது, 1954-ல் பதவி போனது. தொழிலதிபருக்குப் பெர்மிட் கூடாது என்று பின்னால் வாதாடியவர், பரதவர் வீட்டுப் பையனும் வண்ணார் வீட்டுப் பையனும் என்ன ஆகலாம் என்பதில் ஏன் அதே சுதந்திரத்தைப் பார்க்கவில்லை என்று கேட்டவர்கள் கேட்டது சரியான கேள்வி. அவர் கட்சியில் மகாராஜாக்களும் பெரிய நிலக்காரர்களும் கூட்டமாகச் சேர்ந்ததும் உண்மை. பழைமைவாதம் தமிழ்நாட்டில் வேர் பிடிக்காததற்கு இலவச அரிசியைவிட இந்தச் சந்தேகம்தான் பெரிய காரணம்.

அரிசி என்றதும் அந்த மூணு படிக்கே திரும்பணும். அதை எதிர்த்துதான் சுதந்திரப் பொருளாதாரம் பேசணும் என்று இரண்டு கோஷ்டியும் நினைக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு ரேஷன் கடை பிற்பாடு எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. நாட்டின் பெரும்பகுதியில் ஏழை என்று நிரூபிக்க ஒரு சர்டிபிகேட், அதற்கு ஒரு அதிகாரி, அந்த அதிகாரிக்கு ஒரு சிபாரிசு. தமிழ்நாடு அந்தப் பிரிவை ஏற்காமல் எல்லோருக்கும் என்றே நடத்தியது. அரிசி கார்டு வைத்திருப்பவருக்கு அரிசி. வேண்டாதவர் சர்க்கரை கார்டு வாங்கிக்கொள்ளலாம். 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். ஆலந்தலையில் ஒரு பாட்டி, தான் ஏழை என்று யாரிடமும் கைகட்டி நின்று நிரூபிக்காமல் பையை நீட்டி வாங்கிக்கொண்டு போகிறாள். எல்லோருக்கும் ஒன்று, முன்கூட்டியே தெரியும், யார் தயவும் வேண்டாம். கடலில் மூன்று மைலுக்குச் சொன்ன அதே மூன்று அடையாளமும் இதற்கும் பொருந்துகிறது!

அதற்கு ஆகும் செலவு சும்மா வருவதில்லை. கோடீஸ்வரனுக்கும் அரிசி கார்டு எதற்கு, கடன் வாங்கிக் கொடுக்கலாமா, அந்தப் பணத்தில் துறைமுகமோ பள்ளிக்கூடமோ கட்டலாமா என்று கேட்பது பழைமைவாதியின் உரிமை, கடமையும்கூட. கணக்குப் பார்க்காத அரசாங்கம் கடைசியில் பணவீக்கமாகத்தான் வசூலிக்கும், அதில் முதலில் அடிபடுவது அதே பாட்டிதான். ஆனால் செலவைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, ரேஷன் கடை வாசலில் ஒரு புது பெர்மிட் கவுண்ட்டரைத் திறந்துவிட்டு அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைத்தால், அதை ராஜாஜி பெயரைச் சொல்லி ஆதரிக்க முடியாது.

அடுத்த அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் 2028-ல் வரும். அதற்கு முன்னால் இங்கேயே எத்தனையோ தேர்தல், எத்தனையோ மசோதா. செயற்கை நுண்ணறிவுக்கு லைசென்ஸ், ஆன்லைன் வியாபாரத்துக்கு அனுமதி, டேட்டாவுக்கு வாரியம் என்று ஒவ்வொன்றாக வரும். அரசாங்கம் பெரிதா சிறிதா, இடதா வலதா என்று உடனே அணி பிரிந்து நிற்பதற்கு முன்னால், அந்த மசோதாவைப் பார்த்து மூன்று கேள்வி கேட்டால் போதும். எல்லோருக்கும் ஒன்றா? முன்கூட்டியே தெரியுமா? யாரிடமாவது போய் நிற்கணுமா? அதோடு, அந்தத் தொழிலில் இருக்கிறவனைக் கேட்டார்களா என்று நாலாவதாக ஒன்று. அமலிநகரில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் 1959-ல் ராஜாஜி சொன்னதைப் படித்திருக்க மாட்டார். ஆனால் இந்த நாலு கேள்வியையும் மூன்று கடல் மைல் விஷயத்தில் அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.